நான்காவது மூச்சு

"குராமோச்சின்னு எழுது. எழுதேன் அக்கா, கை வலிக்குதா என்ன?"

"டிசம்பர்ல கல்யாணம் ஆகட்டும், அப்புறம் என்ன வேணா எழுதிக்கோ. இப்ப கழிக்கறது போன ஆறு மாசத்து அழுக்கு. அது மினோதா ரித்சுகோவோட அழுக்கு. அந்தாளு வீட்டு அழுக்கு இல்ல."

"என் அழுக்குல கூட உனக்குப் பங்கு வேணும்."

"மெதுவாப் பேசுடி. கோயில்."

"நாப்பத்தேழு வருஷமா மெதுவாத்தானே பேசறேன்."

ஜூன் முப்பதாம் தேதி, மாலை நாலரை மணி. தூறல். ஒசாகா நகரத்துக் குசுமோரி கோயிலின் கூரைச் சரிவுக்கு அடியில் போட்டிருந்த நீள மேசையருகே அக்காவும் தங்கையும் நின்று சண்டை போட்டுக்கொண்டிருக்க, பின்னால் வரிசையில் எங்கள் தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர். எல்லாருக்கும் ஒரு கையில் குடை, மறு கையில் பேனா. காதைப் பொத்திக்கொள்ள யாருக்கும் மூன்றாவது கை இல்லை. இருந்திருந்தாலும் பொத்தியிருக்க மாட்டோம்.

மேசைமேல் வெள்ளைக் காகிதத்தில் வெட்டிய பொம்மைகள் அடுக்கியிருந்தன. ஒரு தலை, விரித்த இரண்டு கை, கீழே அகன்ற அங்கி. முகம் கிடையாது. பெயரும் வயதும் எழுதி, உடம்பெல்லாம் தடவி, அதன்மேல் மூன்று முறை ஊதிப் பெட்டிக்குள் போட்டுவிட்டால் ஆறு மாத அழுக்கு அதோடு போய்விடும். பிறகு முற்றத்தில் நிற்கும் ஆள் உயர நாணல் வளையத்துக்குள் நுழைந்து இடது, வலது, இடது என்று மூன்று சுற்று. எங்கள் தெருவில் பலருடைய ஆறு மாதம் ஒரு காகிதத்தில் அடங்காது என்பது வேறு விஷயம்.

அக்கா கினுயோவுக்கு ஐம்பத்தொன்று. கோயிலுக்குப் பின்புறச் சந்தில் முத்திரைக் கடை வைத்திருக்கிறாள். ஒசாகாவில் பாதி அலுவலகங்களில் பத்திரத்துக்கும் பார்சலுக்கும் அழுத்துகிற பெயர் முத்திரை அவள் செதுக்கியது. கடைக்கு மேலேயே வீடு. அப்பா அம்மா போன பிறகு அந்த மாடியில் அக்காவும் தங்கையும்தான். கல்லாவில் உட்காருவது ரித்சுகோ. மார்ச் மாதம் குராமோச்சி என்கிற தூண்டில் வியாபாரி, மனைவியை இழந்தவர், புருவத்தில் இருக்கிற முடி தலையில் இல்லாதவர், ஒரு முத்திரை வாங்க வந்தார். அடுத்த வாரம் இன்னொன்று. ஐந்தாவது முத்திரைக்கு வந்தபோது எங்களுக்கெல்லாம் புரிந்துவிட்டது. கினுயோவுக்குத்தான் கடைசியாகப் புரிந்தது. அவர் ஊர் வடக்கே நீகாதா. ரயிலில் அரை நாள். அதுதான் கினுயோவுக்கு நெஞ்சில் இறங்கவில்லை.

"எழுத மாட்டியா?" என்றாள் ரித்சுகோ.

"மாட்டேன். மினோதான்னு எழுதறேன். நீ ஊது."

"ஊத மாட்டேன்." குடையை விரித்தாள். "என்மேல அவ்ளோ பாசம்னா என் மூச்சையும் சேத்து நீயே விட்டுக்கோ."

சொல்லிவிட்டுச் சிவப்பு வாயிலைத் தாண்டி, வங்கிக் கட்டடத்து மனிதர்களின் வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவே போய்விட்டாள். சாதாரணக் கோபத்தில் சொன்ன வார்த்தை. எங்கள் வரிசையில் யாரோ சிரித்ததாகக்கூட ஞாபகம்.

கினுயோ முதலில் தன் பொம்மையை முடித்தாள். தோளில் தடவினாள், இடுப்பில் தடவினாள், வலிக்கிற முழங்காலில் கொஞ்சம் கூடுதலாகத் தடவினாள். மூன்று முறை ஊதிப் பெட்டிக்குள் போட்டாள். பிறகு இன்னொன்றை எடுத்து மினோதா ரித்சுகோ, நாற்பத்தேழு என்று எழுதினாள். ஊருக்கே பெயர் செதுக்கிக் கொடுக்கிற கை. கோணல் இல்லை. அதைத் தன் தோளிலேயே தேய்த்தாள். வாயருகே கொண்டுவந்து ஊதினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

நான்காவதாக ஒரு மூச்சு கேட்டது.

வலது காதுக்குப் பின்னால், மிக அருகில், பாதி தூக்கத்தில் விடுகிற மாதிரி நீளமாக, அவசரமில்லாமல், ஈர நாணலும் பழைய பெட்டியின் உட்புறமும் கலந்த வாசனையோடு வந்து, அவள் காதோரத்து முடியை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டு நின்றது. திரும்பினாள். பூக்கடை யோஷிமுரா இரண்டு கை தள்ளி நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். அவராகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் கையில் இருந்த காகிதம் வெதுவெதுப்பாக இருந்தது. அக்குளுக்குள் வைத்து எடுத்த மாதிரி ஈரமும் வெதுவெதுப்பும்.

பெட்டியின் வாய் ஒரு விரல் அகலக் கறுப்புக் கோடு. அதற்குள் போட்டால் ரித்சுகோவின் பெயர் ஊராரின் பெயர்களோடு எங்கேயோ போய்விடும். நியாயமாகப் பார்த்தால் அதற்குத்தான் அத்தனை ஏற்பாடும். ஆனால் கினுயோவுக்கு அந்த நேரத்தில் 'போய்விடும்' என்ற ஒரு சொல்தான் காதில் விழுந்தது. 'எங்கேயும் போக வேண்டாம்' என்று மனதுக்குள் சொன்னாள். பொம்மையை மடிக்காமல், முத்திரை வைக்கிற பட்டுப் பைக்குள் தட்டையாகச் செருகிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை என்று அவள் நினைப்பு. யோஷிமுரா பார்த்திருந்தார். அன்று இரவே எங்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

வளையத்துக்குள் நுழைந்தாள்.

குசுமோரி கோயில் அப்படியொன்றும் பெரியதில்லை. ஒரு பக்கம் வங்கி, ஒரு பக்கம் பன்னிரண்டு மாடி அலுவலகம், நடுவில் நானூறு வருடத்துக் கற்பூர மரம், அதன் கீழே பாசி படிந்த கல்விளக்குகள். வாயிலைத் தாண்டி நாலடி வைத்தால் சாலையின் இரைச்சல் தண்ணீருக்கு அடியில் கேட்கிற மாதிரி மங்கிவிடும். அந்த அமைதிக்காகவே மதிய இடைவேளையில் அலுவலகப் பெண்கள் சோற்றுப் பெட்டியோடு வந்து உட்காருவார்கள். கினுயோவும் சின்ன வயதிலிருந்து அந்த அமைதியில் வளர்ந்தவள். இடது சுற்றை முடித்து, வலது சுற்றில் கால் வைத்தபோதுதான் அந்த அமைதி அவளுக்குப் புதிதாகப் பட்டது. மழை கூரையில் விழுவது தெரிந்தது, சத்தம் இல்லை. சுவரோரத்துக் காற்றுத் துவாரத்தின் வழியே சுரங்க ரயில் போகும் உறுமல் இல்லை. கேட்டதெல்லாம் சரளைக் கல்லில் அவள் செருப்பு அழுந்துகிற சத்தமும், அது அழுந்தி முடிந்த பிறகு பின்னால் ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வருகிற சத்தமும்தான். அவள் அடி வைத்தால் அது. அவள் நின்றால் அதுவும் நின்றது.

மூன்றாவது சுற்று. வளையத்தின் கீழ்ப்பகுதியைத் தாண்டக் காலைத் தூக்கினாள். இரண்டு பக்கமும் நாணல் தாள்கள் ஒன்றாக உள்பக்கம் சாய்ந்தன. ஒரு கணம் அப்படியே நின்றன. பிறகு எல்லாம் ஒன்றாக வெளிப்பக்கம் சாய்ந்தன.

காற்று இல்லை. வாயிலில் கட்டிய வெள்ளைக் காகிதப் பட்டைகள் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

அவள் சாமி கும்பிடாமலே வீட்டுக்குப் போய்விட்டாள்.

ரித்சுகோ முன்னாலேயே வந்து தேநீர் போட்டு வைத்திருந்தாள். சண்டை போட்டால் தேநீர் போடுவது அவள் வழக்கம். மன்னிப்பு கேட்பதற்கு அது மலிவு. அன்றைக்கென்று வாங்கி வைத்திருந்த முக்கோண மாவுப் பலகாரம், மேலே சிவப்புப் பயறு பதித்தது, இரண்டு தட்டில். கினுயோ உட்கார்ந்தாள். கெட்டிலிலிருந்து ஊற்றிய தேநீரில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

ரித்சுகோவுக்குப் பூனை நாக்கு. சூடு கொஞ்சமும் ஆகாது. சூப்பை ஊதுவாள், சோற்றை ஊதுவாள், ஆறிப்போன உருளைக்கிழங்கைக்கூட ஒரு முறை ஊதிவிட்டுத்தான் வாயில் வைப்பாள். நூடுல்ஸ் கடையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் நம் மூக்குக் கண்ணாடி மங்கிவிடும் என்று நாங்கள் கேலி செய்வோம். அந்த ரித்சுகோ கோப்பையைத் தூக்கினாள். ஊதவில்லை. மடமடவென்று பாதி குடித்தாள்.

"சுடலையாடி?"

"எது?"

"டீ."

"நல்லாத்தானே இருக்கு. இன்னும் என்மேல கோவமா? மூஞ்சி அப்படி இருக்கு."

கினுயோ தன் கோப்பையைத் தொட்டாள். விரல் பொசுங்கியது.

அதன் பிறகு வந்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். கொசுவர்த்தியைக் கொளுத்திவிட்டு ரித்சுகோ சுடரை ஊதி அணைக்கவில்லை, கையால் விசிறினாள். கல்லாவில் தூசி படிந்தால் துணியைத் தேடினாள். இரு அறைக்கும் நடுவில் காகிதத் தடுப்பு ஒன்றுதான். ரித்சுகோவின் குறட்டை எங்கள் சந்து முழுக்கப் பிரசித்தம், கோடையில் ஜன்னல் திறந்திருந்தால் எதிர்க் காப்பிக் கடையில் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்போம். அந்தக் குறட்டை நின்றுபோனது. "கல்யாணக் களை" என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம்.

குறட்டை நிற்கவில்லை என்பது கினுயோ ஒருத்திக்குத்தான் தெரியும்.

காலையில் கடைக் கதவைத் தூக்கிவிட்டு, விளக்குப் போட்டு, செதுக்கும் மேசைமுன் உட்காருவாள். பெயர் முத்திரைகள் சொருகிய சுழல் அடுக்கு மௌனமாக நிற்கும். தெருவில் பால் வண்டி போகும். அது போய் முடிந்ததும், மேசையின் கடைசி இழுப்பறைக்குள்ளிருந்து, பட்டுப் பைக்குள்ளிருந்து, மெல்லிய குறட்டை வரும். உள்ளே இழுக்கும்போது ஒரு கரகரப்பு, விடும்போது ஒரு சின்ன விசில். நாற்பத்தேழு வருடம் கேட்ட விசில். சத்தம் அங்கிருந்துதான் வருகிறது என்று தனக்குத்தானே ஒப்புக்கொள்ள அவளுக்குப் பத்து நாள் ஆனது.

பதினோராம் நாள் கோயிலுக்குப் போனாள். நாணல் வளையத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். அது நின்ற இடத்தில் சரளைமேல் ஈரமாக ஒரு வட்டம். சுற்றிலும் வெயிலில் காய்ந்து வெளுத்த கல். அவள் அதை மிதிக்காமல் ஓரமாக நடந்தாள்.

பூசாரி மாகிதாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அப்பாவுக்கு இடுப்பு முறிந்ததால் வேலையை ஏற்றுக்கொண்டவர். எதைக் கேட்டாலும் பிடரியைச் சொறிவார்.

"ஒரு பொம்மைய பெட்டில போடாம விட்டுட்டேன், பூசாரி ஐயா. இப்ப வாங்கிக்குவீங்களா?"

"எல்லாத்தையும் அன்னைக்கே எரிச்சாச்சும்மா. இனிமே டிசம்பர் முப்பத்தொண்ணுதான். வச்சிருங்க, அப்பக் கொண்டாங்க. யாரு பேரு?"

"தங்கச்சி பேரு."

"அவங்கதானே ஊதினாங்க?"

"நான் ஊதினேன்."

பிடரியைச் சொறிந்தார். "பேரு அவங்களோடது, மூச்சு உங்களோடது. அப்ப அது யாரோட பொம்மை? எங்கப்பா கிட்டதான் கேக்கணும். ஒண்ணும் ஆகாதும்மா, பயப்படாதீங்க. எதுக்கும் அவங்களையே ஒரு தடவ ஊதச் சொல்லிருங்க. சரியாயிரும். காட்டுங்க, கிழிஞ்சு போயிருக்கான்னு பாக்கறேன்."

அவள் பட்டுப் பையைத் திறந்து நீட்டினாள். அவர் இரண்டு விரலை உள்ளே விட்டார். உடனே வெளியே எடுத்தார். அந்த விரல்களை வெள்ளை அங்கியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"நீங்களே வச்சிருங்க," என்றார். பிடரியைச் சொறியவில்லை.

அன்றே தங்கையிடம் ஊதச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் ஒளித்து வைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவள் ரொம்ப நாள் கழித்துத்தான் எங்களில் ஒருத்தியிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். பயம் இருந்தது, இழுப்பறைப் பக்கம் முழங்காலை நீட்டமாட்டாள். இருந்தாலும் மாடியில் ரித்சுகோ பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது, குராமோச்சியோடு தொலைபேசியில் சிரித்துக்கொண்டிருக்கும்போது, கீழே இழுப்பறைக்குள் ஒரு ரித்சுகோ எங்கும் போகாமல் தூங்கிக்கொண்டிருப்பது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

நவம்பர் பாதியில் ஒரு மாலை. ஐந்து மணிக்கே வெளிச்சம் வடிந்து, கோயில் மரத்தின் நிழல் சந்துக்குள் இறங்கியிருந்தது. கினுயோ தங்கைக்கு குராமோச்சி என்று புது முத்திரை செதுக்கிக்கொண்டிருந்தாள். கல்யாணப் பரிசு, பல்லைக் கடித்துக்கொண்டு. கல்லாவில் ரித்சுகோ மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். துடைப்பதற்காக வாயருகே வைத்து, 'ஹா' என்றாள்.

கண்ணாடி மங்கவில்லை.

ரித்சுகோ அதைப் பார்த்தாள். மறுபடி 'ஹா' என்றாள். விளக்கு வெளிச்சம் அதில் பளிச்சென்று அப்படியே இருந்தது. தோளைக் குலுக்கிவிட்டு உலர்ந்த கண்ணாடியைத் துணியால் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

கினுயோ உளியைக் கீழே வைத்தாள். இழுப்பறையைத் திறந்தாள்.

"இத ஊது," என்றாள். பொம்மை அவள் உள்ளங்கையில் மல்லாந்து கிடந்தது.

"இன்னுமா இத வச்சிருக்க?" ரித்சுகோவுக்குச் சிரிப்பு வந்தது. "பெட்டில போடவே இல்லையா? உனக்கு முத்திப்போச்சுக்கா."

"ஊதுடி. மூணே தடவ. கால்ல விழறேன்."

அக்காவின் குரல் அப்படி இருந்ததால் ரித்சுகோ எழுந்து வந்தாள். குனிந்தாள். கன்னத்தை உப்பினாள். உதடு குவிந்தது. ஊதினாள்.

உள்ளங்கையில் ஒன்றும் படவில்லை.

இன்னும் பலமாக ஊதினாள். கழுத்து நரம்பு புடைத்தது. முகம் சிவந்தது. காகிதத்தின் ஓரம் அசையவில்லை. மேசைமேல் செதுக்கிய மரத்தூள் அப்படியே கிடந்தது. கினுயோவின் கை அவள் வாய்க்கு மூன்று விரல் தூரத்தில் இருந்தது. சூடு இல்லை. குளிரும் இல்லை. ஒரு படத்தின் முன்னால் கையை நீட்டிய மாதிரி.

மூன்றாவது தடவை.

இல்லை.

கினுயோ தன் மூச்சை அடக்கினாள்.

கடையில் யாரும் மூச்சு விடவில்லை.

பொம்மையின் நெஞ்சு மெதுவாக மேலே எழுந்தது. நின்றது. தாழ்ந்தது.

"பாத்தியா, ஆடிருச்சு," என்றாள் ரித்சுகோ. "திருப்தியா?"

அன்று கினுயோ கேட்டது ஒன்றே ஒன்றுதான். கல்யாணம் டிசம்பர் பதினெட்டு. அதை இரண்டு வாரம் தள்ளிவை. முப்பத்தொன்றாம் தேதி பொம்மையைக் கோயிலில் கொடுத்துவிட்டு, உன் கையால் புதிதாக ஒன்று எழுதி, நீயே ஊதிவிட்டுப் போ. மூச்சு இல்லாமல் போகாதே. இந்தக் கடைசி வாக்கியத்தை எதிர்க் காப்பிக் கடையில் இருந்த நாங்கள் எல்லாரும் கேட்டோம். அத்தனை சத்தமாகச் சொன்னாள்.

"இதுக்குத்தானா இவ்ளோ நாடகம்?" ரித்சுகோவின் குரல் அதைவிடச் சத்தம். "கல்யாணத்த நிறுத்த வேற வழி கிடைக்கல உனக்கு? மூச்சு இல்லையாம்ல. இப்ப கத்திக்கிட்டு இருக்கறது யாரு, பேயா?"

"ரித்சுகோ, நான் சொல்றதக் கேளு."

"நீ தனியா இருக்கப் பயப்படற. அத நேரா சொல்லு. பரிதாபமாவது படுவேன்."

அது உண்மை. கினுயோ இழுப்பறையை மூடினாள். எங்களிடமும் வந்தாள். யோஷிமுராவிடம் சொன்னாள், காப்பிக் கடையில் சொன்னாள், முடி திருத்துகிற அம்மாளிடம் சொன்னாள். நாங்கள் தலையை ஆட்டினோம், தேநீர் கொடுத்தோம், அவள் போனதும் சிரித்தோம். பொறாமை என்றோம். வயசு என்றோம். தங்கைக்கு ஒன்று வாய்த்தால் அக்காவுக்கு இப்படித்தான் ஆகும் என்று பெரிய அனுபவசாலிகள் மாதிரிப் பேசினோம். குராமோச்சிக்குச் சொல்லி அனுப்பியதும் எங்களில் ஒருத்திதான்: கல்யாணத்தைத் தள்ளிப்போடாதீர்கள், அக்கா ஏதாவது செய்துவிடுவாள்.

டிசம்பர் பதினெட்டு காலை ஒசாகாவில் அப்படியொரு குளிர். கைகழுவும் கல்தொட்டியில் மெல்லிய பனித்தகடு. கற்பூர மரத்தின் கீழே நாங்கள் வரிசையாக நின்றோம். மணப்பெண் ஊர்வலம் முற்றத்தைக் கடந்து வந்தது. முன்னால் மாகிதா, பின்னால் சிவப்புப் பெரிய குடை, அதன்கீழ் வெள்ளை உடையும் வெள்ளை முக்காடுமாக ரித்சுகோ. பார்க்க அழகாகத்தான் இருந்தாள். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

கினுயோ கறுப்பு உடையில் பின்னால் நடந்தாள். அவளுக்கு உடை தெரியவில்லை, குடை தெரியவில்லை. குளிரில் ஒவ்வொரு வாயிலிருந்தும் வெள்ளைப் புகை வருவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மாகிதா மந்திரம் சொல்ல, சொல்லுக்குச் சொல் புகை. குழல் வாசிப்பவரின் உதட்டோரம் புகை. குராமோச்சி பதற்றத்தில் வண்டி மாடு மாதிரி இரண்டு மூக்குத் துவாரத்திலும் விட்டார். கும்பலில் நாங்கள் கிசுகிசுத்தது எல்லாம் தலைக்கு மேல் புகையாகவே தெரிந்தது.

ரித்சுகோ சம்மதம் சொன்னாள். குரல் தெளிவாகக் கேட்டது. மூன்று கோப்பை மதுவை மூன்று மூன்று மிடறாகக் குடித்தாள். திரும்பி அக்காவைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்த வாய் திறந்திருந்தது.

ஒன்றும் வரவில்லை.

கினுயோ பொம்மையைப் போட்டுக் கொண்டுவந்திருந்த கைப்பை அவள் இடுப்போரம் மெதுவாக உப்பி, மெதுவாகத் தாழ்ந்துகொண்டிருந்தது. பை வாயின் கொக்கி இடைவெளியிலிருந்து ஒரு நூல் அளவு வெள்ளைப் புகை எழுந்து கலைந்தது.

அன்று மதிய ரயிலிலேயே அவர்கள் நீகாதாவுக்குப் போனார்கள்.

முப்பத்தொன்றாம் தேதி கினுயோ முதல் ஆளாக வரிசையில் நின்றாள். அதே மேசை, அதே பெட்டி, ஒரு விரல் அகலக் கறுப்பு வாய். பொம்மையை அந்த வாயின்மேல் வைத்தாள். தள்ளினால் போதும். பின்னால் எங்களுக்குக் கால் விறைத்தது. உள்ளே போடப்படுவது எல்லாம் மாலைக்குள் சாம்பலாகிவிடும். அழுக்கு போகிறது. அதில் இருப்பது எதுவானாலும் போகிறது.

விரல் நுனியில் அது ஒரு முறை உள்ளிழுத்தது. கரகரப்பு. ஒரு சின்ன விசில்.

"போடுங்க கினுயோக்கா," என்றார் யோஷிமுரா. "எங்களுக்கும் அழுக்கு இருக்கு."

அவள் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. மாகிதாவுக்கு ஒரு மருந்துக்கடைக்காரர் மகளோடு கல்யாணமாகி, கோயிலைத் தம்பியிடம் விட்டுவிட்டு நாராவுக்குப் போய்விட்டார். வலது கையின் இரண்டு விரலை இப்போதும் சட்டையில் துடைத்துக்கொண்டே பேசுகிறார் என்று கேள்வி. யோஷிமுரா பூக்கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போனார். குராமோச்சி புத்தாண்டு வாழ்த்து அட்டை தவறாமல் அனுப்புகிறார். ரித்சுகோ நன்றாக இருக்கிறாளாம், ஒரு நாள் தடுமன் என்று படுத்ததில்லையாம், கொதிக்கிற சூப்பை அப்படியே குடிப்பதைப் பார்த்து அவர் தம்பிகள் அசந்துபோகிறார்களாம். பக்கத்தில் படுத்தால் ஆள் இருப்பதே தெரியாது, அவ்வளவு அமைதியான பெண் என்று போன வருடத்து அட்டையில் எழுதியிருந்தார். அந்த அட்டையைக் கினுயோ எங்களிடம் காட்டவில்லை. தபால்காரர் காட்டினார்.

கினுயோ கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கேயும் போகவும் இல்லை. குளிர்காலத்தில் காலை ஏழு மணிக்குக் கடை வாசலைப் பெருக்க வருவாள், தனி ஆளாக, தலையை நிமிர்த்தாமல். எதிர்க் காப்பிக் கடையின் ஜன்னலோர மேசையில் நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்போம். இப்போதெல்லாம் அந்த நேரத்தில் யாரும் பேசுவதில்லை. அவள் கீழே பெருக்கிக்கொண்டிருக்கும்போது, மேலே, பூட்டிய அறையில், ரித்சுகோ முன்பு படுக்கை விரித்த இடத்துக்கு நேராக இருக்கிற ஜன்னல் கண்ணாடியில், உள்பக்கமாக, ஒரு வாய் அகலத்துக்கு வெள்ளையாக மங்கல் படர்கிறது. சுருங்குகிறது. மறுபடி படர்கிறது. கினுயோவின் துடைப்பம் நிற்கிற நேரம் அதுவும் நிற்கிறது.